மூடிய ஊர், மூடாத ஊர்

சிசிலித் தீவுக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் பெரும்பாலும் எட்னா எரிமலையையும், அக்ரிஜெந்தோவின் கிரேக்கக் கோயில்களையும், பலெர்மோவில் பொன் மொசைக் பதித்த தேவாலயங்களையும் தரிசித்துவிட்டுத் திருப்தியோடு திரும்பிவிடுகிறார்கள். தீவின் மேற்கே, பலெர்மோவிலிருந்து மட்ஸாரா தெல் வால்லோ துறைமுகத்தை நோக்கி ஓடும் நெடுஞ்சாலையை விட்டுச் சற்றே விலகி, திராட்சைத் தோட்டங்களும் ஒலிவ மரங்களும் கோதுமை வயல்களுமாக மடிந்து மடிந்து கிடக்கும் பெலிச்சே பள்ளத்தாக்கை நாடிப் போகிறவர்கள் சொற்பம். அழிவையும் சிதைவையும் இக்காலத்து ஓவியர்களும் சிற்பிகளும் தங்கள் கலைக்கு விஷயமாக எடுத்துக்கொண்டிருப்பதைப் பற்றி வெகுகாலமாகப் படித்தும் படங்களில் பார்த்தும் வந்த எனக்கு, அந்த விஷயம் காட்சிசாலையின் சுவரில் தொங்காமல், செத்துப்போன ஓர் ஊரின் மேலேயே கிடக்கிற அந்த ஒரு ஸ்தலத்தை நேரில் பார்த்தாலன்றி, அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் யோக்கியதை வராது என்றே தோன்றிக்கொண்டிருந்தது. ஜூன் மாதத்து வெயிலில், கட்டடக் கலை பயிலும் பலெர்மோ இளைஞர் ஒருவர் வண்டி ஓட்ட, அங்கே போனேன்.

அந்தப் பள்ளத்தாக்கில் நடந்தது இது: 1968ஆம் வருஷம் ஜனவரி 14ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகலிலேயே பூமி அதிரத் தொடங்கிவிட்டது. அன்றிரவு ஜனங்களில் பலர் வீட்டுக்குள் படுக்க அஞ்சி, அந்தக் கடுங்குளிரிலும் வெட்டவெளியில் தங்கினார்கள். அந்த அச்சமே அவர்களுடைய பிராணனைக் காத்தது. மறுநாள் விடியுமுன், மூன்று மணி சுமாருக்கு வந்த பெரும் பூகம்பத்தில் ஜிபெல்லினா, பொஜ்ஜொரெயாலே, சாலபரூதா, மொந்தேவாகோ என்ற நான்கு ஊர்கள் குடியிருக்க லாயக்கற்றவையாக நொறுங்கின. இருநூறு பேருக்கு மேல் மாண்டனர். பல்லாயிரம் பேர் வீடிழந்தனர். ‘சிறுத்தை’ என்ற நாவலை எழுதிய ஜுஸெப்பே தொமாஸி தி லம்பெதூசா பாலப் பருவத்தில் தங்கிய சாந்தா மார்கரிதா அரண்மனையும் அன்று இடிந்ததுதான். ஆனால் அரண்மனைகளைவிட, உழவர்களும் கூலிக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகக் கல்லின் மேல் கல் வைத்துக் கட்டிய சிறு வீடுகளே அந்தச் சரிவுகளில் அதிகம். உயிர் பிழைத்தவர்களை அரசாங்கம் தற்காலிகக் கொட்டகைகளில் குடியேற்றியது. அந்தத் தற்காலிகம் பத்து வருஷத்துக்கு மேல் நீண்டது என்பதைச் சொன்னாலே, கஷ்டம் பூகம்பத்தோடு முடியவில்லை என்பது விளங்கும்.

ஜிபெல்லினாவின் மேயராக இருந்த லுதோவிக்கோ கொர்ராவோ சாமானியரல்லர். தன்னைக் கடத்திப் பலாத்காரம் செய்தவனையே மணந்துகொண்டு மானத்தைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற பழைய வழக்கத்தை மறுத்து நீதிமன்றத்துக்குப் போன அல்காமோப் பெண் பிராங்கா வியோலாவுக்காக வாதாடிய வழக்கறிஞர் அவர். பழைய இடத்திலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் மேற்கே, நெடுஞ்சாலைக்கும் ரயில் பாதைக்கும் அருகில் புதிய ஜிபெல்லினாவைக் கட்டுவது என்று தீர்மானமானபோது, வீடும் சாக்கடையும் சாலையும் மட்டும் இருந்தால் அது ஊராகிவிடாது, ஞாபகங்களை இழந்த ஜனங்களுக்குப் புதிய ஞாபகங்களைக் கலைஞர்கள்தான் உண்டாக்கித் தர முடியும் என்று நம்பி, இத்தாலியின் சிற்பிகளையும் ஓவியர்களையும் கட்டடக் கலைஞர்களையும் கடிதம் எழுதியும் நேரில் கண்டும் அழைத்துவந்தார். கொட்டகையில் மனிதர்கள் வசிக்கும்போது சிற்பம் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆயினும், வயிறு நிறைந்த பிறகுதான் மனிதனுக்கு அழகு வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

புதிய ஊருக்குள் நுழையும்போதே, சாலையின் இரு மருங்கிலும் காலூன்றி, வாகனங்களைத் தன் அடியில் போகவிட்டு நிற்கிறது, பியெத்ரோ கொன்சாக்ரா 1981ல் எழுப்பிய 26 மீட்டர் உயர எஃகு நட்சத்திரம். உள்ளே போனால் வீதிகள் அகலம், சதுக்கங்கள் விசாலம், சுமார் நாலாயிரம் பேர் வாழும் ஊருக்கு அவ்வளவு அகலமும் விசாலமும் தாங்கவில்லை. பிரான்செஸ்கோ வெனெத்சியா என்ற கட்டடக் கலைஞர், பழைய ஊரில் எஞ்சிய தி லொரென்சோ மாளிகையின் முகப்பைப் பெயர்த்துக் கொண்டுவந்து, தாம் கட்டிய புதிய கட்டடத்தின் உள்முற்றச் சுவரில் பதித்திருக்கிறார். வானம் பார்த்த முற்றத்தில், பின்னால் அறைகளே இல்லாத அந்த ஜன்னல்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது, அந்த ஊரில் எனக்கு முதன்முதலாக மனம் கனத்தது. ஆனால் அந்தப் புதிய ஊரிலேயே சிதைவு குடிபுகுந்துவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. லுதோவிக்கோ குவாரோனி திட்டமிட்ட பெரிய தேவாலயம், வெண்ணிறக் கோளம் ஒன்றைத் தாங்கி நிற்பது, திறப்பதற்கு முன்பே 1994ல் அதன் கூரை விழுந்து, 2010ல்தான் வழிபாட்டுக்குத் திறந்தது. கொன்சாக்ராவின் நாடக அரங்கமோ பல பத்தாண்டுகள் முடிவுறாமலே கிடந்தது. பூகம்பம் ஓர் ஊரை நிமிஷங்களில் அழித்தது. பணமின்மையும் அசிரத்தையும் இன்னோர் ஊரை மெல்ல மெல்ல அரிக்கின்றன.

அந்த ஊருக்குத்தான், 1980களின் தொடக்கத்தில், ஓவியர் அல்பெர்த்தோ புர்ரியையும் கொர்ராவோ வரவழைத்தார். மற்றவர்களைப் போல அவரும் ஒரு சதுக்கத்தில் ஒரு சிற்பத்தை நிறுத்திவிட்டுப் போவார் என்பது எதிர்பார்ப்பு. ஊரைச் சுற்றிப் பார்த்த புர்ரி, இங்கே தாம் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, பழைய ஊர் எங்கே என்று கேட்டார். அங்கே அழைத்துச் சென்று காட்டினார்கள். இடிபாடுகளைப் பார்த்ததும் கண்ணீர் முட்டியது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்; யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்த அந்த இடிபாடுகளையே அமுக்கிக் கட்டி, கம்பி கொடுத்து, வெள்ளைச் சிமெண்டால் மூடி, வெடிப்புகள் ஓடும் ஒரு மகத்தான பரப்பாக்கி, நடந்ததற்கு நிரந்தர ஞாபகச் சின்னமாக நிறுத்திவிடலாம் என்ற எண்ணம் அவருக்கு அங்கேயே உதித்தது.

அந்த எண்ணம் உதிக்கக்கூடிய மனிதர் அவர் ஒருவர்தான் என்று சொல்வது மிகையாகாது. 1915ல் உம்பிரியாவின் சித்தா தி கஸ்தெல்லோவில் பிறந்து, வைத்தியம் படித்துப் பட்டம் பெற்று, யுத்தத்தில் ராணுவ மருத்துவராக ஆப்பிரிக்கா சென்று, 1943ல் துனீசியாவில் சிறைப்பட்டு, அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து ஹியர்ஃபோர்டு முகாமில் கைதியாக அடைபட்டிருந்தபோது படம் எழுதத் தொடங்கியவர், 1946ல் ஊர் திரும்பிய பின் வைத்தியத்தின் பக்கமே போகவில்லை. கிழிந்த கோணிச் சாக்குகளை ஒட்டுப்போட்டுத் தைத்துப் படமாக்கினார். பிறகு மரச் சீவல்களையும் பிளாஸ்டிக் தாள்களையும் தீயால் பொசுக்கி, பொசுங்கிய ஓட்டைகளையே சித்திரமாக்கினார். மருத்துவரின் கை, காயத்தைத் தைக்கிறது என்று விமர்சகர்கள் சொன்னபோது, தம் படங்களுக்கு எந்த வியாக்கியானமும் தர அவர் மறுத்துவிட்டார். 1970களில் வெடிப்புப் படங்கள் வந்தன. வெண்களிமண் பொடியையும் நிறப்பொடியையும் பசையோடு குழைத்துப் பலகையின் மேல் கனமாகப் பூசி உலரவிடுவார். நீர் வற்ற வற்றப் பூச்சு சுருங்கி, கோடைகாலத்தில் வற்றிய ஏரியின் சேற்றுப் பரப்பைப் போலப் பாளம் பாளமாக வெடிக்கும். பூச்சின் கனம் எங்கே மிகுந்ததோ அங்கே வெடிப்பு அகலும்; எங்கே மெலிந்ததோ அங்கே நூலாக ஓடும். தாம் விரும்பிய நிலை வந்ததும் மேலே பசை பூசி வெடிப்பை நிறுத்திவிடுவார். பாதி வேலையை மனிதனும் பாதி வேலையை உலர்ச்சியும் செய்கிற அந்த முறையில், அழிவே தூரிகையாகிவிடுகிறது.

புதிய ஊரிலிருந்து சாந்தா நின்ஃபா வழியாகக் கிழக்கே போகும் மலைச்சாலை வளைந்து வளைந்து ஏறி, ஒரு திருப்பத்தில், எதிர்ச் சரிவு முழுவதும் பரவிக் கிடக்கும் அந்தச் சாம்பல் வெண்மையைத் திடீரென்று கண்முன் நிறுத்துகிறது. சுமார் 80,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ இருபது ஏக்கர். தூரத்திலிருந்து பார்க்கையில் அது ஒரு படம். கிட்டப் போனால் படம் மறைந்து ஊராகிவிடுகிறது. பாளங்களின் உயரம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம். வெடிப்புகளின் அகலம் இரண்டு, மூன்று மீட்டர். ஆகவே வெடிப்புகள் என்று தூரத்தில் தெரிந்தவை, கிட்டத்தில், மனிதன் நடக்கும் சந்துகள். அவற்றில் பல பழைய தெருக்களின் போக்கையே ஏறத்தாழத் தழுவிச் செல்கின்றன. ஆள் உயரத்துக்குச் சுவர் இருந்திருந்தால் அது சிறையாகியிருக்கும். முழங்கால் உயரம் இருந்திருந்தால் மேடையாகியிருக்கும். கண் மட்டத்தில் நிற்கும் அந்த உயரம், நடக்கிறவனை உள்ளே இழுத்துக்கொண்டும், தூரத்து மலைகளையும் வானத்தையும் மறைக்காமலும் இருக்கிறது. சரிவில் ஏறும்போது எதிரே வருகிறவரின் தலை மட்டும் தெரிகிறது. பிறகு அதுவும் மறைகிறது. உள்ளே, சிமெண்டுக்கு அடியில், உத்தரங்களும் ஓடுகளும் பாத்திரங்களும் துணிமணிகளும் கிடக்கின்றன என்பதைக் காட்டும் அடையாளம் ஒன்றுமில்லை. பெயர்ப் பட்டியல் இல்லை, சிலை இல்லை, சிலுவை இல்லை.

புர்ரியின் பட்டறையில் வெடிப்பு தானாக உண்டானது. இந்த மலைச்சரிவிலோ அது வரைபடத்தில் வரைந்து, அச்சுப் பலகை அடித்துச் சிமெண்டு ஊற்றிச் செய்தது. 1985லிருந்து 1989 வரை நடந்த வேலை பணம் போதாமல் நின்றது. 1995ல் புர்ரி காலமானார். அவருடைய நூற்றாண்டான 2015ல்தான் மிச்சப் பகுதி பூர்த்தியாயிற்று. அதனால் இன்று போகிறவனுக்கு இரண்டு நிறங்கள் தெரிகின்றன. பின்னால் சேர்ந்த பகுதி வெளுப்பு. முந்தியது மழையிலும் வெயிலிலும் கறுத்து, பாசி படிந்து, விளிம்புகள் உதிர்ந்து, சில இடங்களில் உள்ளேயிருக்கும் கம்பி துருவேறிச் சிமெண்டைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்க்கும் நிலையில் இருக்கிறது. கலைஞன் திட்டமிட்ட பெரிய வெடிப்புகளுக்கு நடுவே, யாரும் திட்டமிடாத மயிரிழை வெடிப்புகள் ஆயிரக்கணக்கில் கிளைத்திருக்கின்றன. அவற்றில் காட்டுச் சோம்பும் கேப்பர்ச் செடியும் முளைத்திருக்கின்றன.

அந்தக் கேப்பர்ச் செடிகளிலிருந்து மொட்டுப் பறித்துப் பையில் சேர்த்துக்கொண்டிருந்தார் ஒரு முதியவர். பழைய ஜிபெல்லினாவில் பிறந்தவர். பூகம்பத்தின்போது பள்ளிக்கூடத்துப் பையன். இளைஞர் எங்கள் இருவருக்கும் நடுவே மொழிபெயர்த்தார்.

“இதை மூடியபோது உங்களுக்குச் சம்மதமா, ஐயா?” என்று கேட்டேன்.

“சம்மதமில்லை. எங்கள் தகப்பனாருக்கும் இல்லை. வந்து பார்த்தால் வாசற்படியாவது அடையாளம் தெரியும். அதுவும் போய்விட்டதே என்று அவர் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார்.”

“இப்போது?”

“இப்போது பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிறேன். ஊர் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று அவர்களால் நடந்து பார்க்க முடிகிறது. மூடாமல் விட்டிருந்தால் இதற்குள் முட்புதர்தான் இருந்திருக்கும்.” சற்று நேரம் பறித்துவிட்டுச் சொன்னார்: “இந்தச் செடி சிமெண்டை உடைக்கிறது, பிடுங்கு என்கிறார்கள். செடி இல்லாவிட்டாலும் அது உடையத்தான் போகிறது. மொட்டை மட்டும் பறித்துக்கொள்கிறேன், வேரைத் தொடுவதில்லை.”

பழுப்பேறிய பகுதியைச் சுரண்டிக் கழுவி, புர்ரி விரும்பிய வெண்மைக்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று கருதுகிறவர்கள் உண்டு. 2026ஆம் வருஷத்துக்கு இத்தாலியின் சமகாலக் கலைத் தலைநகர் என்ற பட்டத்தை ஜிபெல்லினாவுக்கு அளித்திருக்கிறார்கள். அந்தப் பட்டத்தை முதன்முதலில் பெறும் ஊர் அதுவே. ஆகவே விருந்தாளிகள் வருமுன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் ஆசை எழுவது சகஜம். கம்பி துருப்பிடித்துப் பாளங்கள் சரிவதைத் தடுக்க வேண்டியது அவசியம். அதில் தர்க்கத்துக்கு இடமில்லை. ஆனால் அந்தக் கறுப்பை அழுக்கு என்று எண்ணுவது பிசகு என்பது என் உறுதியான அபிப்பிராயம். அழிவை விஷயமாகக் கொண்ட கலை, தான் மட்டும் அழியாமலிருக்கச் சலுகை கேட்குமானால், அது பேசும் பேச்சில் சத்தியம் குறைந்துவிடுகிறது. 1960ல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலையின் தோட்டத்தில் ஜான் டிங்கலி தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும் இயந்திரம் ஒன்றை ஓடவிட்டார். மறு வருஷம் லண்டனில் குஸ்தாவ் மெட்ஸ்கர் நைலான் திரையின் மேல் அமிலத்தைத் தெளித்து அது கரைவதையே படமாகக் காட்டினார். யுத்தத்தையும் அணுகுண்டையும் கண்ட தலைமுறையின் கோபம் அவற்றில் இருந்தது. அந்தக் கோபத்தை மதிக்கிறேன். என்றாலும் அவை சபையோர் முன்னிலையில், குறித்த வேளையில் நடந்து முடிந்த அழிவுகள். ஜிபெல்லினாவின் சிமெண்டு யாரும் பார்க்காத வேளையிலும், மழை பெய்யும் ஒவ்வோர் இரவிலும், தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. புர்ரி பசை பூசி நிறுத்திய அந்த வெடிப்பு, இங்கே நிறுத்துவாரின்றித் தொடர்கிறது.

இதற்கு மாறான ஊர் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. பொஜ்ஜொரெயாலேயின் ஜனங்களுக்கும் கீழே சமவெளியில் புது ஊர் கட்டிக் கொடுத்தார்கள்; ஆனால் மலைமேல் இடிந்த பழைய ஊரை யாரும் மூடவில்லை, இடித்துத் தள்ளவுமில்லை. பெருவீதி அப்படியே ஏறுகிறது. நாடகக் கொட்டகையின் எலும்புக்கூடு நிற்கிறது. மாடிப்படிகள் மேலே போய் வானத்தில் முடிகின்றன. ஒரு வீட்டின் முன்சுவர் முழுக்க விழுந்துவிட்டதால், மேல்மாடி அறையின் நீலப் பூச்சும், அடுப்பங்கரையின் பதிகற்களும், சுவரில் அடித்த ஆணியும், வீதியில் நிற்கும் அந்நியன் கண்ணுக்குக் கூச்சமின்றித் தெரிகின்றன. சுவரின் இடுக்கில் அத்திமரம் வேர் விட்டுப் பெரிதாகியிருக்கிறது. அங்கே மனம் இளகுவதற்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது. அதுவே எனக்குச் சங்கடமாயிற்று. அந்த நீல அறையில் யார் தூங்கினார்கள் என்று நினைத்துப் பார்க்கிறோம், பெருமூச்சு விடுகிறோம், படம் பிடித்துக்கொள்கிறோம், மாலை வெயில் இடிபாட்டின் மேல் விழும் அழகு துக்கத்தை எளிதில் ரசனையாக மாற்றிவிடுகிறது. பொஜ்ஜொரெயாலேயில் ஒரு வீட்டின் கதை தெரிகிறது. புர்ரியின் சரிவில் எந்த வீட்டின் கதையும் தெரியாது. ஊரின் அளவு மட்டுமே தெரியும், அதையும் கால் வலிக்க நடந்தால்தான் தெரியும். இரக்கப்படுவதற்குக் கைக்கு அகப்படும் பொருள் ஒன்றையும் கொடுக்காமல், இழப்பின் விஸ்தீரணத்தை மட்டும் உடம்புக்கு உணர்த்துகிற அந்தக் கடுமையில்தான் அவருடைய கலையின் மேன்மை இருக்கிறது என்பதை, இந்த இரண்டாவது ஊரைப் பார்த்த பிறகே நான் தெளிவாகக் கண்டேன். எனினும், அந்த முதியவரின் தகப்பனாருக்கு வாசற்படி வேண்டியிருந்தது என்பதையும் மறக்க முடியவில்லை. அந்த நஷ்டத்தை எந்த மேன்மையாலும் ஈடுசெய்ய முடியாது.

திரும்பும் வழியில் சலேமிக்குப் போனோம். அது மலையுச்சி ஊர். பூகம்பத்தில் முற்றாக அழியவில்லை, ஆனால் அதன் பெரிய தேவாலயம் சிதைந்தது. அதைத் திரும்பக் கட்டவும் இல்லை, வேலியிட்டு ஒதுக்கவும் இல்லை. போர்த்துகீசியக் கட்டடக் கலைஞர் அல்வாரோ சீசாவும் சிசிலிக்காரரான ரொபெர்த்தோ கொல்லோவாவும், எஞ்சிய பீடச் சுவர் வளைவையும் சில தூண்களையும் அப்படியே நிற்கவிட்டு, கூரை இருந்த இடத்தை வானத்துக்கு விட்டு, தரைக்கு வெண்கல் பாவி, தேவாலயத்தின் உட்புறத்தையே ஊரின் சதுக்கமாக்கிவிட்டார்கள். சதுக்கத்தின் பெயர் அலீச்சியா. நாங்கள் போனபோது வெயில் தாழ்ந்து, ஊரார் உலாவ வெளியே வரும் நேரம். எங்கே பலிபீடம் இருந்திருக்குமோ அங்கே பையன்கள் இரண்டு கற்களை நட்டு எல்லை வைத்துப் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்து வளைவுச் சுவரில் மோதி மோதித் திரும்பியது. படிகளில் உட்கார்ந்திருந்த ஸ்திரீகள் அதைப் பொருட்படுத்தவேயில்லை. கூட வந்த இளைஞருக்கு இந்தச் சதுக்கம்தான் பெலிச்சேயிலேயே சிறந்த வேலை என்ற கட்சி. இடிபாட்டை மூடாமலும் காட்சிப்பொருளாக்காமலும் புழங்கவிட்டதால் என்று காரணமும் சொன்னார். நான் புர்ரியின் பக்கமே நின்றேன்: சலேமியில் ஊர் பிழைத்திருந்தது, பந்து விளையாடப் பிள்ளைகள் இருந்தார்கள், பழைய ஜிபெல்லினாவில் புழங்குவதற்கு ஆளே இல்லை. பலெர்மோ போய்ச் சேரும் வரை வண்டியில் அந்தத் தர்க்கம் நடந்துகொண்டே வந்தது, இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.